சீஸ் டிப் கெட்டது, பஜ்ஜிச் சட்டி நல்லதா?

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸாப் குழுவில் ஒரு நீளமான செய்தி வந்தது. மேட்ச் பார்க்கக் கூடுகிற இளசுகள் பஜ்ஜியையும் வடையையும் விட்டுவிட்டு, உருக்கிய சீஸில் சிப்ஸைத் தொட்டுத் தின்கிறார்களாம். பண்பாடு அழிகிறதாம். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளுமாம். கடைசியில் மூன்று கைகூப்பு. அதற்குக் கீழே "உண்மை", "அருமையான பதிவு அண்ணாச்சி" என்று வரிசையாகப் பதில்கள். யார் யார் பதில் போட்டிருக்கிறார்கள் என்று மேலிருந்து கீழே பார்த்தேன். அத்தனை பேரும் ஆண்கள். மதினிமார் ஒருத்தர் கூட வாய் திறக்கவில்லை. அவர்களுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன், அண்ணாச்சிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பஜ்ஜிக்கு ஒரு சட்டம் உண்டு. சட்டியிலிருந்து எடுத்த ஐந்து நிமிஷத்தில் வாய்க்குப் போக வேண்டும். ஆறினால் மாவு தொய்ந்து, எண்ணெய் கசிந்து, வாழைக்காய் தனியாகக் கழன்று வரும். அதனால் பத்துப் பேர் பட்டாசலில் உட்கார்ந்து சூடாகத் தின்ன வேண்டும் என்றால், அடுக்களையில் ஒருத்தி நின்றுகொண்டே இருக்க வேண்டும். மேட்ச் முடிகிற வரைக்கும் தட்டு காலியாகும், "டீச்சர், இன்னும் ரெண்டு" என்று குரல் வரும். நம் பண்பாடு என்று நீங்கள் சொல்லுகிற அந்தச் சாயங்காலம் முழுக்க, அந்த ஒருத்தியின் காலில்தான் நின்றது.

1996 மார்ச் 9, பெங்களூர், உலகக் கோப்பைக் கால் இறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும். இந்த வலைப்பூ வாசகர்களில் பாதிப் பேருக்கு இன்றும் அது மனப்பாடம். ஆமிர் சோகைல் ஒரு பவுண்டரி அடித்து, மட்டையை நீட்டி, "அடுத்ததும் அங்கேதான்" என்பது போலக் காட்டினார். அடுத்த பந்தில் வெங்கடேஷ் பிரசாத் அவர் ஸ்டம்பைப் பெயர்த்தார். எங்கள் தெருவே கத்தியது. நான் ஜல்லிக்கரண்டியோடு ஓடி வந்தேன். ஸ்டம்பு ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. திரும்பப் போட்டுக் காட்டினார்கள்தான், ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றா? அதற்குள் சட்டியில் இருந்தது கருகிவிட்டது. அதற்கும் ஒரு பேச்சுக் கேட்டேன்.

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே. 275 ரன் இலக்கு. டெண்டுல்கர் 18இல் போனார், கம்பீர் 97இல் போனார், கடைசியில் தோனியின் சிக்ஸர். கம்பீர் அவுட்டானது எனக்குக் காதால்தான் தெரியும். பட்டாசலில் விழுந்த "ச்சே"யை வைத்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் நான் இரண்டாவது படி கடலைமாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஊருக்கு எத்தனை பேர்? கிரிக்கெட் தெரியாத பெண்கள் என்று எங்களை வைத்து ஜோக் சொல்லுவார்கள். பார்க்க விட்டிருந்தால் எல்.பி.டபிள்யூ. விதி எங்களுக்கும் தெரிந்திருக்கும். (எனக்குத் தெரியும். ரேடியோ வர்ணனை கேட்டு வளர்ந்தவள் நான்.)

இப்போது அந்நியம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பஜ்ஜி மாவில் போடுகிற வத்தல்பொடியும், மிளகாய் பஜ்ஜியின் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துகீசியர் கொண்டு வந்தது. உருளைக்கிழங்கு அப்படி, தக்காளி அப்படி, நம் ராதாபுரம் பக்கத்துத் தேரிக்காட்டில் நிற்கிற கொல்லாமரம் கூட பிரேசிலிலிருந்து வந்ததுதான். சுத்தமான பழைய பலகாரம் வேண்டும் என்றால் முந்திரிக்கொத்து தின்னுங்கள். பேரில்தான் முந்திரி, உள்ளே பாசிப்பயறும் வெல்லமும்தான். அதோடு, இது கூடங்குளம். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தால் உலக வரைபடத்தில் ஏறிய ஊர். ரஷ்யக் குடும்பங்களை அணுவிஜய் நகரியத்தில் குடிவைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள், ஒரு கட்டி சீஸைக் கண்டு மிரள வேண்டுமா?

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கும், சூப்பர் பவுல் என்பார்கள். அன்றைக்கு உருக்கிய சீஸில் மிளகாயும் தக்காளியும் போட்டு, சூடு ஆறாத பானையில் நடு மேஜையில் வைத்துவிடுவார்கள். எல்லோரும் கைநீட்டித் தொட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இதில் பிடித்தது ருசி இல்லை, அந்த நடு மேஜை. ஆட்டம் தொடங்கும்போது அடுப்பு அணைந்திருக்கிறது.

ஆரோக்கியம் பற்றிச் சொன்னவர்களுக்கும் பதில் உண்டு. சீஸில் உப்பும் கொழுப்பும் அதிகம், நான் மறுக்கவில்லை. பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு மூன்று தொடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சொல்லுகிற அண்ணாச்சி எங்கே பஜ்ஜி தின்கிறார் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம், கருத்த எண்ணெயில். அப்படித் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேர்கிற கெட்ட பொருட்களுக்கு 25 சதவீதம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லை போட்டு, 2018 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதைத் தாண்டிய எண்ணெயை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் சட்டியை எட்டிப் பார்த்துக் கேட்டதுண்டா?

சீஸ் பக்கமும் ஏமாற்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீஸ் மாதிரியே இருக்கும், உருகும், நீளும், ஆனால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயில் செய்திருப்பார்கள். உறையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். பாட்டிலில் வருகிற மஞ்சள் சாஸ்களையும் அப்படியே வாசித்துவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வீட்டில் செய்வது பாயசம் வைப்பதை விட எளிது.

எட்டுப் பேருக்கு அளவு சொல்கிறேன். பேத்தி சொல்லித் தந்ததில் நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. ஒரு சின்ன வெங்காயக் கைப்பிடி, இரண்டு பச்சைமிளகாய், விதை நீக்கிய ஒரு தக்காளி, எல்லாம் பொடியாக நறுக்கியது. அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய் விட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கவும். இரண்டு மேஜைக்கரண்டி மைதா போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசம் போகும்வரை கிளறவும். பிறகு 400 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறவும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். கரண்டியில் ஒட்டுகிற பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான், 200 கிராம் சீஸைத் துருவிப் பிடிபிடியாகப் போட வேண்டும். தக்காளியும் மிளகுத்தூளும் கடைசியில். உப்பு வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது.

அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீஸைக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள புரதம் இறுகி, கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். கீழே ரப்பர், மேலே நெய். மைதாவின் மாவுச்சத்து அதைத் தடுக்கும். கடையில் கட்டியாகக் கிடைக்கும் பிராசஸ்டு சீஸில் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற உப்புகள் ஏற்கெனவே இருப்பதால் அது சுலபமாக இளகும். பிராசஸ்டு சீஸ் செய்கிற ஒரு முறைக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் என்பவர் 1916இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்.

ஆறாமல் வைக்க அவர்களுடைய மின்பானை வேண்டாம். ஹாட்பேக்கில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு அதில் மாற்றினால் ஒரு இன்னிங்ஸுக்குப் பாதியாவது தாங்கும். இல்லையென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். இறுகினால் இரண்டு கரண்டி சூடான பால். தொட்டுக்கொள்ள சிப்ஸ்தான் வேண்டும் என்று யார் சொன்னது? தட்டை, கைமுறுக்கு, கேரட், வெள்ளரி, மரவள்ளி வறுவல் எல்லாம் ஆகும். தை மாசம் அவித்த பனங்கிழங்கைக் கிழித்துத் தொட்டுப் பாருங்கள், பிறகு என்னிடம் பண்பாடு பேசுங்கள்.

"அப்படியானால் சுண்டல் செய்யலாமே டீச்சர், அதுவும் முன்னாலேயே ஆகிவிடுமே" என்று ஒருவர் கேட்பார். தாராளமாக! ஆறினாலும் சுண்டல் சுண்டல்தான். சாத்தூர் சேவு வாங்கி வைத்தாலும் எனக்குச் சம்மதம். என் சண்டை பஜ்ஜியோடு இல்லை, மேட்ச் நேரத்தில் எரிகிற அடுப்போடு. பஜ்ஜியேதான் வேண்டும் என்கிறவர் எழுந்து போய் அவரே சுடட்டும். சோகைல் அவுட்டானால் கூப்பிட்டுச் சொல்கிறோம்.

2025 நவம்பர் 2, நவி மும்பை, பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடிந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது பேர், அதில் ஆறு பேர் பெண்கள். டிப்பைச் செய்தது என் மருமகன், டாஸுக்கு முன்னாலேயே. மழையில் ஆறிப்போய் இரண்டு தரம் சூடு பண்ணினான், அதுவும் ஆட்டம் தொடங்குமுன். ஷெஃபாலி வர்மாவின் 87ஐயும், தீப்தி ஷர்மாவின் ஐந்து விக்கெட்டையும், கடைசியில் பின்னால் ஓடி ஹர்மன்பிரீத் கவுர் பிடித்த கேட்ச்சையும் சோபாவில் உட்கார்ந்து, நடக்கும்போதே பார்த்தேன். என் வயதில் இதற்கு மேல் என்ன ஆரோக்கியம் வேண்டும்?

அந்தச் செய்தியை அனுப்பிய அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி, பதிலைக் குழுவிலேயே போடலாம். உங்கள் வீட்டு மதினி கடைசியாக ஒரு ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை பார்த்தது எந்த வருஷம்? கேட்டுச் சொல்லுங்கள். தெரியாது என்றால் அடுத்த மேட்ச்சுக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். துருவுகிற வேலை உங்களுக்கு. மிச்சம் இருந்தால் மதினி கொண்டுபோகட்டும், மறுநாள் காலையில் ஊத்தப்பத்தின் மேல் தடவிப் போட்டால் நன்றாக இருக்கும்.