நிறுவனம் நிலைக்கத் தலைமை எப்படி வேண்டும்?

காலை ஏழு மணி அடிக்கும் முன்பே பர்கூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. சிலர் இங்குள்ள சிப்காட்டிற்கும், சிலர் கிருஷ்ணகிரிக்கும், இன்னும் சிலர் ஓசூருக்கும் செல்கின்றனர். அவர்களுள் நம் அக்காமாரும் அன்னையரும் உண்டு. இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலரும் அந்த வரிசையில் நிற்கப் போகிறோம்.

வேலைப் பேச்சு வீட்டில் எழும்போது நாம் கேட்கும் கேள்விகள் யாவை? சம்பளம் எவ்வளவு, பஸ் வசதி உண்டா, இரவு ஷிப்டு உண்டா என்பனவே. இவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்த நிறுவனம் இருபது ஆண்டுகள் கழித்தும் இருக்குமா, அதை நடத்துகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நாம் கேட்பதே இல்லை. கதவு மூடப்படும் நாளில்தான் அந்தக் கேள்வி நினைவுக்கு வருகிறது. அதற்குள் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் நடுவழியில் நிற்கின்றன.

வணிகவியல் பாடத்தில் முதல், இயந்திரம், சந்தை, விளம்பரம் ஆகியவற்றைப் பற்றிப் படிக்கிறோம். இவை எல்லாம் இருந்தும் வீழ்ந்த நிறுவனங்கள் உண்டு. ஒரு நிறுவனம் நிலைப்பதும் நிலையாமையும் பெரும்பாலும் அதன் தலைமையைப் பொறுத்தது என்பது எங்கள் கருத்து. நல்ல தலைமை என்று நாங்கள் சொல்வது உரத்த குரலையோ, பெரிய பெயரையோ அன்று. தன்கீழ் உள்ளவர்களுக்குத் தொழிலைக் கற்றுக் கொடுப்பதும், தன் தவற்றைத் திருத்திக்கொள்வதும், தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்படி செய்துவிட்டு விலகுவதுமே நல்ல தலைமை. இதை எடுத்துக்காட்ட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்ச் சாலையிலேயே மேற்கே சென்றால் ஓசூர். எல்லையைத் தாண்டினால் பெங்களூர். இவ்விரு ஊர்களின் இரண்டு கைக்கடிகாரங்களே போதும்.

எங்களில் ஒருத்தியின் வீட்டில் தாத்தாவின் கடிகாரம் ஒன்று இருக்கிறது. நாள்தோறும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய எச்.எம்.டி. கடிகாரம். தாத்தாவின் திருமணத்திற்கு மாமனார் வீட்டில் போட்டது. அது இன்றும் ஓடுகிறது. அதைச் செய்த தொழிற்சாலைதான் ஓடவில்லை.

எச்.எம்.டி. எனப்படும் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், மத்திய அரசு 1953-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனமாகும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு அது கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், ரானிபாக் ஆகிய இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. ஜனதா, பைலட், காஞ்சன் என்ற பெயர்களை நம் பெற்றோர் அறிவர். ஒரு காலத்தில் இந்நாட்டில் விற்ற கடிகாரங்களில் பெரும்பகுதி அவர்களுடையதே. பத்தாம் வகுப்பில் தேறினாலும், வேலை கிடைத்தாலும், மணம் முடித்தாலும் எச்.எம்.டி. தான் பரிசு.

அப்படிப்பட்ட நிறுவனம் ஏன் வீழ்ந்தது? தொழிலாளர்களுக்குத் திறமை இல்லாமல் அன்று. தாத்தாவின் கடிகாரமே அதற்குச் சாட்சி. புதிய நுட்பம் தெரியாமலும் அன்று. மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை 1980-களின் தொடக்கத்திலேயே அவர்களும் செய்தார்கள். ஆனால் நிறுவனத்தின் பாரம் முழுவதும் சாவி கொடுக்கும் கடிகாரத்தின்மீதே இருந்தது. விற்பதை எல்லாம் வாங்க ஆள் இருந்தபோது, வாங்குபவர் மனம் மாறுகிறது என்பதை மேலிடம் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டவர்களுக்கும் முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லை. அரசு நிறுவனமாதலால் பெரிய முடிவுகளுக்கு டில்லியைப் பார்த்திருக்க வேண்டியிருந்தது. நட்டம் ஆண்டுதோறும் பெருகியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. எஞ்சியிருந்த தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினர். விருப்பம் என்பது பெயரளவில்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இனி ஓசூருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது ஓசூர் ஒரு சிற்றூர். அன்றைய தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில் இருந்தது. (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்.) அங்கே 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியதே டைட்டன். அதன் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய். டாடா பிரஸ் என்னும் அச்சகத்தை நடத்தி வந்தவர். கடிகாரத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். ஆனால் வரப்போவது குவார்ட்ஸ் காலமே என்று தெளிந்து, தயக்கமின்றி அதில் இறங்கினார். பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் நுட்பத்தைப் பெற்றார்கள். எச்.எம்.டி.யில் தொழில் பயின்ற சிலரும் எல்லை தாண்டி ஓசூருக்கு வந்து சேர்ந்தனர். இதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே கை, அதே அனுபவம். மேலே இருந்தவர்கள்தாம் வேறு.

ஆலைக்கு ஆள் எடுத்த முறையே எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது. பெருநகரங்களில் தேர்ந்த தொழிலாளர்களைத் தேடாமல், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பதினேழு, பதினெட்டு வயது இளைஞர்களையும் பெண்களையும் நம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து எடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டை விட்டு முதன்முதலாக வந்த அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் வீடு பிடித்துக் கொடுத்து, பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தார்கள். மயிரிழை போன்ற உறுப்புகளைப் பொருத்தும் வேலையை ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொண்டனர். அந்த ஆலையிலிருந்துதான் 2002-இல் ‘எட்ஜ்’ என்ற கடிகாரம் வெளிவந்தது. அதன் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரத்தின் கனமோ 1.15 மில்லிமீட்டர். ஓசூர்ப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் முயன்று சாதித்தது அது. கற்றுக் கொடுக்க மனமுள்ள தலைமை இருந்தால் கிராமத்துக் கைகளுக்கு எதுவும் அரிதன்று.

‘டாடாவின் பணம் பின்னால் இருந்தால் யார்தான் வெற்றி பெற மாட்டார்கள்?’ என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் உதவியது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பணம் இருந்தும் டைட்டன் இரண்டு முறை பலமாக அடி வாங்கியது. 1990-களில் ஐரோப்பாவில் கடிகாரம் விற்கப் போய்ப் பெரும் நட்டத்தோடு திரும்பினார்கள். அதே காலத்தில் தனிஷ்க் என்ற பெயரில் நகைத் தொழிலில் இறங்கியபோது 18 காரட் நகையைக் கொண்டுவந்தார்கள். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள், 22 காரட் அல்லாததை நாம் பொன் என்று ஏற்பதில்லை என்று! கடைகளில் கூட்டம் இல்லை, கணக்கில் நட்டம். இதை மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது அவர்கள் செய்தது என்ன? மக்களுக்குத்தான் ரசனை இல்லை என்று பழி போடவில்லை. 22 காரட்டுக்கு மாறினார்கள். நகையை உருக்காமலே அதன் தரத்தைக் காட்டும் காரட் மீட்டர் என்ற கருவியைக் கடையில் வைத்து, யார் வேண்டுமானாலும் தம் நகையைச் சோதித்துக்கொள்ளலாம் என்றார்கள். வேறிடத்தில் 22 காரட் என்று நம்பி வாங்கிய நகை தரம் குறைந்திருந்ததைப் பலர் கண்ணால் கண்டனர். நம்பிக்கை அங்கே பிறந்தது. இன்று டைட்டனின் வருமானத்தில் பெரும்பகுதி கடிகாரத்தால் வருவதன்று. அன்று மூடிவிடலாம் என்று பேசப்பட்ட அந்த நகைத் தொழிலால் வருவது. தவறு செய்யாத தலைமை எங்கும் இல்லை. தவற்றைத் தவறு என்று ஒப்புக்கொள்ளும் தலைமைதான் அரிது.

மூன்றாவதாக, விட்டு விலகும் பண்பு. செர்க்சஸ் தேசாய் 2002-இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்து வந்த பாஸ்கர் பட், நிறுவனம் பிறக்கும் முன்பே 1983-இல் கடிகாரத் திட்டத்தில் சேர்ந்து தொழில் பழகியவர். அவருக்குப் பின் 2019-இல் பொறுப்பேற்ற சி.கே. வெங்கட்ராமனோ 1990-இல் சேர்ந்தவர். தலைவர் மாறியபோதெல்லாம் வெளியே ஆள் தேடி அலையவில்லை. உள்ளேயே ஆள் வளர்ந்திருந்தது. தேசாய் 2016-இல் மறைந்தார். எச்.எம்.டி. வாட்சஸை மூட முடிவான ஆண்டும் அதுவே. ஒரு மனிதர் மறைந்தார்; அவர் தொடங்கியது நிற்கவில்லை. மற்றதில் எத்தனையோ தலைவர்கள் வந்து போயினர், நிறுவனம் நின்றுபோயிற்று.

நம்மைப் போன்ற பெண்களுக்கு இதில் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. 1990-களின் நடுவில் மைராடா என்ற தொண்டு நிறுவனம், ஓசூர் வட்டாரச் சுய உதவிக் குழுப் பெண்களுக்குக் கடிகாரத்தின் உலோகப் பட்டையைக் கோக்கும் வேலையை டைட்டனிடமிருந்து பெற்றுத் தந்தது. அப்பெண்கள் வேலை செய்ததோடு நிற்கவில்லை. கணக்கு எழுதவும், தரம் பார்க்கவும் கற்றுக்கொண்டு, ‘மெடோ’ என்ற பெயரில் தாங்களே பங்குதாரர்களாக ஒரு கம்பெனியை அமைத்தனர். களை பறிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தனர்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இத்தனை புகழ்ந்த டைட்டனிலும் நாங்கள் மேலே பெயர் சொன்ன நிர்வாக இயக்குநர் மூவருள் ஒருவரும் பெண் அல்லர். பொருத்தும் மேசையில் நம் பெண்கள் நிறைய உண்டு. தலைமை நாற்காலியில் இல்லை. கற்றுக் கொடுப்பதே தலைமையின் முதல் கடமை என்றால், நம் மாவட்டத்துப் பெண்களுக்குக் கைவேலையோடு முடிவெடுக்கும் வேலையையும் கற்றுக் கொடுப்பது இங்குள்ள எல்லாத் தொழிற்சாலைகளின் கடமை அன்றோ? இதைக் கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது.

ஆகவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது. மகளை ஒரு நிறுவனத்திற்கு அனுப்பும்போது சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். ஐந்து ஆண்டு அங்கே வேலை செய்த பெண் புதிதாக என்ன கற்றிருக்கிறாள்? வேலையில் தவறு நேர்ந்தால் மேலே உள்ளவர்கள் காரணத்தைத் தேடுகிறார்களா, அல்லது ஆளைத் தேடுகிறார்களா? கீழிருந்து மேலே வந்த ஒருவராவது அங்கே உண்டா? இதை விளம்பரப் பலகை சொல்லாது. அந்த பஸ்ஸில் போய்வரும் அக்காவைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

தோழியரே, இக்கேள்விகள் நமக்கும் உரியவை. வகுப்புத் தலைவியாகவும் இல்லத் தலைவியாகவும் நம்மில் சிலர் இருக்கிறோம். விளையாட்டு விழாவில் எல்லா வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லித் தராமல் ‘நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது’ என்று பெருமைப்பட்டுக்கொள்வோர் நம்மிடையே உண்டு. அவள் காய்ச்சலில் படுத்த அன்று அணிவகுப்பே நின்றுபோகிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பழக்கியிருந்தால் நின்றிருக்குமா? இந்த ஆண்டு நாங்கள் பள்ளியை விட்டுச் செல்கிறோம். எங்கள் பொறுப்புகளை ஏற்கப்போகும் தங்கையருக்கு எவ்வளவு கற்றுக் கொடுத்தோம் என்று எங்களையே கேட்டுப் பார்த்தோம். குறைவுதான் என்று ஒப்புக்கொள்கிறோம். தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் கணக்கு நோட்டையும், விழாப் பட்டியலையும், நாங்கள் செய்த பிழைகளையும் சேர்த்தே அவர்களிடம் ஒப்படைப்போம்.

— வணிகவியல் பிரிவு மாணவியர்,
மேல்நிலை இரண்டாம் ஆண்டு