கடற்காகமும் கண்டபடி பேர் வைக்கும் கண்ணாயிரங்களும்

குளிர்காலம் வந்துட்டா தனுஷ்கோடி, கோடியக்கரைன்னு கேமராவும் கையுமா கிளம்புற மக்களே! உங்க படங்களைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்லை. படத்துக்குக் கீழே போடுற பேரைப் பத்திதான் இந்தப் புலம்பல். உச்சி வெயில்ல, ரொம்ப தூரத்துல, மணல்ல நிக்குற ஒரு பெரிய கடற்காகம். ஒரே ஒரு படம். அதுக்குக் கீழே கொஞ்சமும் கூசாம "ஸ்டெப்பி கடற்காகம்". எப்படி சாமி?

பல்லாஸ் கடற்காகத்தை விட்டுடறேன். அந்த சைஸ்ல தலை கறுத்து நிக்கிறது நம்ம கரையில அது ஒண்ணுதான். வம்பு எல்லாம் ஹியூக்ளின், ஸ்டெப்பி, காஸ்பியன் மூணு பேர்கிட்டதான். முதுகு ஹியூக்ளினுக்கு நல்ல அடர் சாம்பல், காஸ்பியனுக்கு வெளிர், ஸ்டெப்பி ரெண்டுக்கும் நடுவுல. கேக்க சுலபமாத்தான் இருக்கு. ஆனா அந்த சாம்பல் வெயிலுக்கு ஒரு நிறம், மேகத்துக்கு ஒரு நிறம், பறவை அரை வட்டம் திரும்பினா இன்னொரு நிறம். இதை அளக்க கோடாக் சாம்பல் அட்டையை வெச்சுக்கிட்டு மண்டையை உடைச்சுக்கிறாங்க. நம்மாளு போட்டோஷாப்ல பிரைட்னெஸ்ஸை ஏத்திட்டு ஸ்டெப்பிங்கிறார்!

அதுவும் முழுசா வளர்ந்த பறவைக்குத்தான் இந்தக் கணக்கு. வளர்ந்த கோலத்துக்கு வர சுமார் நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பழுப்புப் புள்ளியும் அழுக்கு வெள்ளையுமா, வருஷத்துக்கு ஒரு வேஷம். கொஞ்சம் நம்பக்கூடிய துப்பு இறகுதிர்ப்பு. வடக்கே தூந்திரத்துல குஞ்சு பொரிக்கிற ஹியூக்ளின் தாமதமாத்தான் சிறகு மாத்தி முடிக்கும், ஸ்டெப்பி அதுக்கு முன்னாடியே முடிச்சிடும். இதைப் பார்க்க விரிஞ்ச சிறகு வேணும், தேதி வேணும். மடக்கி வெச்ச சிறகுல என்னத்தைப் பார்ப்பீங்க?

இதுலயே ஊறினவங்க கதையைக் கேளுங்க. ஓல்சன், லார்சன் ரெண்டு பேரும் எழுதின கடற்காகப் புத்தகம் 2003-ல வந்துச்சு. பிழைகள் இருந்ததால திரும்ப வாங்கி, திருத்தி 2004-ல மறுபடி போட்டாங்க. எர்ன்ஸ்ட் மயர் 1942-லயே இந்தக் கூட்டத்தை "வளைய இனம்"னு உதாரணம் காட்டினார், பாடப்புத்தகமெல்லாம் அதையே ஓதுச்சு. 2004-ல டோரிட் லீபர்ஸும் கூட்டாளிகளும் டிஎன்ஏவைப் பார்த்துட்டு அப்படி இல்லைன்னாங்க. அவங்களுக்கே அந்த கதி, நமக்கு ஒரு படத்துல விளங்கிடுமாம் :-)

"இனம் தெரியலைன்னு போட்டா அது என்ன ரெக்கார்டு?"ன்னு கேக்கறாங்க. ஐயா, நான் பொட்டி தட்டுறவன். டேட்டாபேஸ்ல மதிப்பு தெரியலைன்னா நல்-னு விடுவோம். காலியா இருக்கேன்னு தோணினதை ரொப்பினா, பின்னாடி எது நிஜம் எது ரொப்பினதுன்னு எவனாலயும் பிரிக்க முடியாது. ஈபேர்டுல மொட்டையா "கடற்காகம்"னு போட இடம் குடுத்திருக்காங்க. ஹியூக்ளினா ஸ்டெப்பியான்னுதான் குழப்பம், காஸ்பியன் கண்டிப்பா இல்லைன்னா இன்னும் நல்லது. அங்கே அது ரெண்டையும் 'லெஸ்ஸர் பிளாக்-பேக்டு' கடற்காகத்துக்குள்ளதான் வெச்சிருக்காங்க, அந்தப் பேரோட நிறுத்திக்கலாம்.

எனக்குக் கடுப்பே இங்கதான். ஒண்ணு ஆர்க்டிக் ஓரத்துலேர்ந்து வருது, இன்னொண்ணு கஜகஸ்தான், தென்மேற்கு சைபீரியா புல்வெளி ஏரிகள்லேர்ந்து வருது. நாளைக்கு அந்த ஏரிகள் வத்தினா இங்கே எது குறையும்? பதில் நாம இப்போ எழுதி வெக்கிற லிஸ்ட்லதான் இருக்கணும். ஆனா நடக்குறது வேற. முதல் ஆள் ஸ்டெப்பிங்கிறார். அடுத்து போறவர் அந்த லிஸ்டைப் படிச்சுட்டுப் போய் ஸ்டெப்பியையே "பார்க்கிறார்". நேர்மையா "தெரியலை"ன்னு எழுதின புதுப் பையனைத்தான் "கத்துக்குட்டி"ன்னு நக்கலடிக்கிறீங்க.

அடுத்த தடவை எனக்குப் படம் காட்டுறதா இருந்தா, பறக்கும்போது சிறகு விரிஞ்சது ஒண்ணு, பக்கவாட்டுல தலையும் அலகும் தெரியுற மாதிரி ஒண்ணு, பக்கத்துல வேற கடற்காகம் நிக்கிற மாதிரி ஒண்ணு. கூடவே தேதி. பேரை அப்புறம் பேசுவோம்.