சான்றிதழுக்கா, பயிற்சிக்கா?

உயர்கல்வித் துறையில் அண்மைக் காலமாகப் பெரிதும் பேசப்பெறும் சொற்களுள் ஒன்று 'இன்டர்ன்ஷிப்' என்பதாகும். தமிழில் இதனை உள்ளகப் பயிற்சி என்கிறோம். மருத்துவம், பொறியியல், வணிகவியல் பயில்வோர்க்கே உரியது எனக் கருதப்பட்டு வந்த இப்பயிற்சி இன்று தமிழ் பயிலும் மாணவரையும் வந்தடைந்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப்படிப்போடு பயிற்சியை இணைப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 2022 மார்ச்சுத் திங்களில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் மாணவரின் திறன் வளர்ச்சியையே நோக்கமாகக் கொண்டது. வாயில் திறந்துள்ளது. அதனுள் எவ்வாறு நுழையப் போகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா.

தமிழ் படிப்போர்க்குப் பயிற்சி எங்கே இருக்கிறது என்று கேட்போர் உளர். அச்சகம், பதிப்பகம், நூலகம், நாளிதழ் அலுவலகம், வானொலி நிலையம் என மொழி புழங்கும் இடமெல்லாம் நம் மாணவர்க்குப் பயிற்சிக் களமே. இவ்வெண்ணத்தால் நம் துறை மாணவர் நால்வரைப் பதிப்பகம் ஒன்றிற்கு அனுப்பினோம். முதல் நாள் நாமும் உடன் சென்றோம்.

அங்கிருந்த முதிய மெய்ப்புத் திருத்துநர், சிறுவர் கதை நூலொன்றின் அச்சுப்படியை அவர்களிடம் தந்தார். நால்வரும் படித்தனர், பிழையில்லை என்றனர். அவர் ஒரு வரியைச் சுட்டினார். 'மன்னன் தளபதியிடம் வேலை கொடுத்தான்' என்று அச்சாகியிருந்தது. "தம்பி, மன்னன் கொடுத்தது பணியா, படைக்கலமா?" என்று வினவினார். 'வேலைக் கொடுத்தான்' என ஒற்று மிகுந்தால்தான் வேற்படையைக் கொடுத்தான் என்று பொருள்படும். இவ்விதியைத் தேர்வில் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்றவர்கள்தாம் அந்நால்வரும். ஆயினும் அச்செழுத்தில் கண்டபோது அவர்தம் கண்கள் அதனைக் கடந்து சென்றுவிட்டன. அவர்கள் மட்டுமா? அருகிலிருந்து படித்த நாமும் கடந்து சென்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்து அவர்கள் கணினிமுன் அமர்ந்தனர். கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வருவித்தே பழகியவர்கள் அவர்கள். அங்கிருந்ததோ, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகை. முதலிரு நாள்கள் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்யவே முற்பகல் முழுதும் கழிந்தது. மூன்றாம் நாள் மாணவி ஒருவர் வியப்போடு ஒன்றைக் கண்டுரைத்தார். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெறுகிறது. ஙகரத்தை அடுத்துக் ககரம் தட்டினால் ஙகரமும் அவ்வாறே புள்ளி பெறுகிறது. ஞகரத்திற்குச் சகரமும் ணகரத்திற்கு டகரமும் அவ்வாறே. வகுப்பில் நாம் பாடமாக நடத்திய இனவெழுத்து இலக்கணம் அன்றோ இது! ஆண்டு முழுதும் நாம் விளக்கியும் உயிர்பெறாத நூற்பா, விரல் நுனியில் உயிர்பெற்றது.

ஏட்டுக் கல்வி வீண் என்பதன்று இதன் பொருள். இனவெழுத்தைப் படித்திராதவர்க்கு அவ்விசைப்பலகை வெறும் பொறியே. படிப்பு களத்திற்கு வழிகாட்டுகிறது. களம் படிப்பை உறுதிசெய்கிறது.

இது நமக்குப் புதிய நெறியும் அன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். அவரிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருக்கும் முன்னரே, 1842-இல், செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் சீறாப்புராணத்தை அச்சேற்றினார். ஏட்டில் இருந்ததை அச்சிற்குக் கொணர்தல் கண்ணும் கையும் பழகினாலன்றி இயலாத பணி.

இனி, கசப்பான செய்திக்கு வருவோம். வேறோர் இடத்திற்குச் சென்ற மாணவர் இருவர்க்கு அங்கே வாய்த்த பணி பொட்டலம் சுமப்பதும் தேநீர் வாங்கி வருவதுமே. மூன்றாம் நாளிலேயே, ஒரு திங்கள் பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் எழுதித் தந்து, இனி வரவேண்டா என்று அனுப்பிவிட்டனர். மாணவர் அதனை மகிழ்ந்து பெற்று வந்தனர் என்பதே நம்மை வருத்துகிறது. பொய்ச் சான்றிதழைப் பெற்ற மாணவர் இழப்பது ஒரு திங்களை மட்டும் அன்று. உழைக்காமலே உழைத்ததாகக் காட்டலாம் என்னும் பாடத்தையும் கற்றுக்கொள்கிறார். அதனைக் கையொப்பமிட்டு ஏற்கும் ஆசிரியரும் அப்பாடத்தைக் கற்பிப்பவர் ஆகிறார்.

மற்றொரு மாணவர் பேருந்துக் கட்டணத்திற்கு வழியின்றி இடையிலேயே நின்றுவிட்டார். ஒரு மாணவியின் தந்தையார் நம்மிடம் வந்து, "பெண்பிள்ளையை எங்கே அனுப்புகிறீர்கள் ஐயா? அங்கே யார் இருப்பார்கள்? எத்தனை மணிக்குத் திரும்புவாள்?" என்று கேட்டார். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்குதல் எளிது. ஆனால் அவர் கேட்டவை யாவும், கேட்பதற்கு முன்னரே நாம் விடை கூறியிருக்கவேண்டிய வினாக்கள். விடை கூறினோம், இடத்தையும் நேரில் காட்டினோம். மறுநாள் அவரே மகளை அழைத்து வந்தார்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. பயிற்சி நடைபெறும் இடத்தைத் துறையே நேரில் கண்டு தேர்தல் வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியர் அங்குச் சென்று காணல் வேண்டும். மாணவர் நாள்தோறும் தாம் செய்ததையும் பிழைத்ததையும் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். மதிப்பெண் அக்குறிப்பேட்டிற்கே அன்றிச் சான்றிதழுக்கு ஆகாது. வழிச்செலவிற்கு இயலாதார்க்கு முன்னாள் மாணவர் மன்றம் உதவுதல் வேண்டும். அச்சகமும் வணிக நிலையமும் நடத்தும் நம் சமுதாயப் பெரியோர், ஆண்டிற்கு இருவர்க்கேனும் இடமளித்து, உண்மையான வேலை தந்து கற்பித்தல் வேண்டும். கல்லூரிக் கட்டடத்திற்கு நல்கும் கொடைக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். முதல் வாரத்தில் எதுவும் தெரியவில்லையே என்று நாணவேண்டா. தெரியாது என்பதை அறிவதே பயிற்சியின் தொடக்கம். அம்முதியவர் சிவப்பு மையால் திருத்திய அச்சுத்தாளை நால்வரும் கேட்டுப் பெற்றுவந்து, துறை நூலகத்தில் வைத்துள்ளனர். அடுத்துச் செல்வோர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்க.