ஓடிவிட்டால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கல்லூரியில் பாடம் எடுக்கும் என் மாணவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை வாசிக்கவும்.

சி மொழி ஆய்வகத் தேர்வில் "அவுட்புட் வந்ததா?" என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்களே, அது சரியில்லை என்பது என் கருத்து. ஆசிரியர் பயிற்சி முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆளுக்கு சி மொழியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல் தொடங்கியது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது பொறியியல் கல்லூரியில் இருக்கிறார். போனிலேயே சொல்லிக் கொடுத்தார். இப்போது அவர்தான் எனக்கு வாத்தியார்!

என் தங்கை பேரன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு பெயரை வாங்கித் தலைகீழாக அச்சிட வேண்டும், இதுதான் தேர்வில் கேள்வி. பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கி, அளவு எதுவும் சொல்லாமல் ஸ்கேன்எஃப் வைத்து வாங்கியிருக்கிறான். பக்கத்துப் பையனும் அதையேதான் எழுதியிருக்கிறான், இருவருக்கும் ஒரே ரெக்கார்டு நோட்டு. அவன் "ரவி" என்று தட்டினான். தலைகீழாக வந்தது, முழு மதிப்பெண். இவன் அப்பா பெயரையும் சேர்த்துத் தன் முழுப் பெயரைத் தட்டினான். "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்று வந்து நிரல் நின்றுவிட்டது. பூஜ்யம். "தாத்தா, எனக்கு கோடிங் வராது. வேற ஏதாவது படிக்கிறேன்" என்கிறான்.

இரண்டு விடைத்தாளிலும் இருப்பது ஒரே பிழை. ஒன்றுக்கு முழு மதிப்பெண், ஒன்றுக்குப் பூஜ்யம். தமிழ்த் தேர்வில் இப்படித் திருத்தினால் தலைமையாசிரியர் விடுவாரா?

சி மொழி ஒரு சொல்லின் நீளத்தை எங்கும் குறித்து வைப்பதில்லை. சொல் முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு பூஜ்யம் வைக்கும், அவ்வளவுதான். 'குமார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து எழுத்து, ஆனால் ஆறு இடம் வேண்டும். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால், முற்றுப்புள்ளி இல்லாத விடையைப் படிப்பவர் அடுத்த பையனின் தாளுக்குள் போய்ப் படிப்பதைப் போல, நிரல் பக்கத்து நினைவகத்துக்குள் போய்விடும். (தமிழில் எழுதினால் இன்னும் வேடிக்கை. யுடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்ற சொல் 15 பைட், பூஜ்யத்தோடு 16. பத்து இடத்தில் அம்மாவுக்கே இடமில்லை!)

என்னை இரண்டு நாள் தூங்க விடாத சங்கதி ஒன்று உண்டு. மாலக் மூலம் இடம் வாங்கும்போது பிள்ளைகள் ஸ்ட்ரிங்கின் நீளத்தை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். பூஜ்யத்துக்கு ஒன்று கூட்ட மறந்து போகிறது. ஆனாலும் நிரல் ஓடுகிறது. ஏன்? 64 பிட் லினக்ஸில் ஐந்து பைட் கேட்டாலும் உள்ளே 24 பைட் வரை இடம் இருக்கும். கடைக்காரர் கொசுறு போடுவது போல. அந்தக் கொசுறில்தான் நம் பூஜ்யம் போய் உட்காருகிறது. பெயர் சரியாக 24 எழுத்தாக அமைந்தால் கொசுறு கிடையாது. பூஜ்யம் அடுத்த துண்டின் அளவுக் குறிப்பின் மேலேயே விழும். அப்போதும் அந்த இடத்தில் நிரல் விழாமல் போகலாம். நூறு வரி தாண்டி, ஒரு பாவமும் அறியாத ஃப்ரீ என்ற வரியில் விழும். பிள்ளை அந்த வரியையே விடிய விடியப் பார்த்துக்கொண்டிருப்பான். பிழை இருக்கும் இடமும் நிரல் விழும் இடமும் வேறு வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே!

இதற்குக் கருவி இல்லாமல் இல்லை. அட்ரஸ் சானிடைசர் 2013 முதலே ஜிசிசி கம்பைலரோடு வருகிறது, இலவசம். கம்பைல் செய்யும்போது ஓரிரு சொற்களைக் கூடச் சேர்த்தால் போதும். எந்த வரியில் எல்லை தாண்டினாய், அந்த இடத்தை எந்த வரியில் வாங்கினாய், இரண்டையும் அதுவே சொல்லிவிடும். வால்கிரிண்டும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் இன்னும் சில இடங்களில் நீலத் திரை டர்போ சி ஓடிக்கொண்டிருக்கிறது. அது டாஸ் காலத்துச் சாமான். எல்லை தாண்டினால் தடுத்து நிறுத்த அங்கே ஆளே இல்லை. கெட்ஸ் என்ற கட்டளையையும் அதோடு கற்றுக்கொடுக்கிறார்கள். 1988 நவம்பரில் மோரிஸ் புழு இணையத்தில் பரவியபோது அது நுழைந்த வழிகளில் ஒன்று அந்த கெட்ஸ். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கவே தெரியாத கட்டளை அது. 2011-இல் சி மொழியின் தர விதியிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். நம் நோட்டில் மட்டும் இருக்கிறது.

"பைத்தான் படித்தால் போதும் சார், சி எதற்கு?" என்று சிலர் சொல்வார்கள். பரவலாகப் பயன்படும் அந்த பைத்தானே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸ் கருவும் பெரும்பாலும் அப்படியே. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை அதைப் பழுது பார்த்துத்தானே ஆக வேண்டும்?

தமிழ்ப் பாடத்தில் 'பிழை நீக்கி எழுதுக' என்று ஒரு கேள்வி வைப்போம், நினைவிருக்கிறதா? அதையே சி ஆய்வகத்திலும் வையுங்கள். பிழையுள்ள இருபது வரி நிரல் ஒன்றைக் கொடுத்து, எங்கே, ஏன் என்று கேளுங்கள். நிரல் விழுந்தாலும் காரணத்தைச் சரியாகச் சொன்னவனுக்குப் பாதி மதிப்பெண்ணாவது போடுங்கள். "ரவி" என்று தட்டிக் காட்டுகிறவனிடம், கண்ணா, உன் தாத்தா பெயரையும் சேர்த்துத் தட்டு என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பிழையுள்ள நிரல்கள் எட்டு என்னிடம் தயாராக இருக்கின்றன. வேண்டியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.