கைப்பையில் ஜம்ஜம்

உம்ரா முடித்துத் திரும்பும் முதியோர், கைப்பையிலிருந்த ஜம்ஜம் நீரை விமான நிலையச் சோதனையில் இழந்து கண்கலங்குவது பரிதாபத்திற்குரியது. காவலரை நொந்து பயனில்லை. முன்னரே எடுத்துரைக்காத குழுத் தலைவர்களையே நொந்துகொள்ள வேண்டும்.

குளிர்பானப் புட்டிகளில் திரவ வெடிபொருளை மறைத்து விமானங்களைத் தகர்க்கும் சதி, 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளிப்பட்டதன் விளைவே இக்கட்டுப்பாடு. பல நிலையங்களில் இன்றும் புட்டியின் கொள்ளளவு 100 மில்லிலிட்டரைத் தாண்டலாகாது. 200 மில்லி புட்டியில் கால்வாசியே நீர் இருப்பினும் செல்லாது. அத்தர்ச் சிமிழ் தப்பிவிடும்; தேனும் ஊறுகாயும் அகப்பட்டுக்கொள்ளும்! குழந்தையின் பாலுக்கும் நோயாளியின் மருந்துக்கும் விலக்குண்டு. மருத்துவர் சீட்டு உடனிருக்கட்டும்.

ஜம்ஜமை 5 லிட்டர் பெட்டியாக வாங்கித் தனிச்சுமையாக ஒப்படைப்பதே முறை. அதற்குரிய அனுமதியைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டறிந்து கொள்ளுங்கள்.