உரிமத் தொகையும் உள்ளூர் உதவியும்

2011-ஆம் ஆண்டில் தமிழக சர்க்கார் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளமும் விண்டோஸும் ஒரே பெட்டியில் அருகருகே குடியிருந்தன. ஆயினும், பல்லடத்தில் விசைத்தறிக் கூடமோ கோழிப்பண்ணையோ நடத்தும் ஒருவரிடம் போய், மூலநிரல் எல்லோர்க்கும் பொதுவென்று எவ்வளவுதான் சிலாகித்துப் பேசினாலும், தம் கணக்குப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் டாலி என்னும் வர்த்தகக் கணக்கு மென்பொருளை அவர் கைவிடமாட்டார்.

அதைப் பிடிவாதம் என்பது நியாயமன்று. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் நிரல் தகராறு செய்தால், போன் செய்தவுடன் ஓடிவர ஓர் ஆள் வேண்டாமா? வர்த்தக மென்பொருள் பிரதானமாக விற்பது இந்த அபயத்தைத்தான். திறந்தமூல அபிமானிகள் தத்துவோபதேசத்தைச் சற்றே நிறுத்தி, கட்டணம் பெற்றுப் பழுது நீக்கித்தரும் இளைஞர்களைத் திருப்பூரிலும் பல்லடத்திலும் தயார் செய்வார்களாயின், டாலிக்கும் போட்டி பிறக்கும். உரிமத்துக்குப் போகும் பணமும் ஊரிலேயே புழங்கும்.