இரண்டாம் ஆண்டின் கணக்கு

கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, தக்க ஒளியும் ஓட்டமும் தந்து, பவளங்களை உயிரோடு வளர்க்கும் கலை, சட்டம் அதற்கு இடங்கொடுக்கும் ஜெர்மனி, அமெரிக்கா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் இல்லறத்தார் பலருக்கு விநோதமாகவும் சிலருக்குத் தவமாகவும் விளங்குகிறது. தொடக்கத்து இடர்களைக் கடந்துவிட்டால் தொட்டி தானே ஒரு சமநிலையை எய்திவிடும் என்றும், அதன்பின் இரை இடுவதும் கண்ணாடியைத் துடைப்பதும் தவிர வளர்ப்பவருக்கு வேறு பொறுப்பு இல்லை என்றும் இக்கலையில் புதிதாகப் புகுவோர் நம்புவதுண்டு. இந்நம்பிக்கையில் பாதி உண்மை; மற்றப் பாதியினால் அழிந்த தொட்டிகள் அநேகம்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடலாம். மீன்களின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் பிறக்கும் அமோனியா என்னும் நஞ்சை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்ற, தொட்டியில் இட்ட கல்லின் உள்ளே பிராணவாயு எட்டாத நுண்துளைகளில் குடியிருக்கும் மூன்றாம் வகை, அந்த நைட்ரேட்டில் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகிறது. முதலிரண்டு வகைகளும் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். உயிர்கள் ஒட்டிய கடற்கற்களும் சிறிது காற்றோட்டமும் இருந்தால் பவளங்களைப் பேணலாம் என்று இந்தோனேசியாவிலிருந்து லீ சின் எங் 1961-ஆம் ஆண்டில் எழுதிய முறை பலித்ததும், கண்ணுக்குத் தெரியாத இந்த உழைப்பாளிகளால்தான்.

ஆனால் பவளம் வளரும் பிராணி. வளர்ச்சிக்கு வேண்டிய கல்லை அது நீரிலிருந்தே எடுக்கிறது. கரைந்துள்ள கால்சியமும், சோதனையில் காரத்தன்மையாக நாம் அளக்கும் கார்பனேட்டுகளும் சேர்ந்தே அதன் கூடு உருவாகிறது. விரல்நுனி அளவுத் துண்டங்களை நட்ட முதலாண்டில் இச்செலவு கண்ணில் படாது. அவை கிளைவிட்டுச் செழித்த பின், 400 லிட்டர் கொண்ட ஒரு தொட்டியில் காரத்தன்மை, அதனை அளக்கும் ஜெர்மன் டிகிரி என்னும் அலகில், நாளொன்றுக்கு ஒரு டிகிரி வீதம் குறைகிறது என்று கொண்டால், அன்றாடம் ஏழு கிராம் சுண்ணாம்புக்கல், ஆண்டுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல், அங்கே விளைகிறது என்பது அதன் பொருள். இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மையோ ஏறத்தாழ ஏழு டிகிரிதான். ஆகவே ஈடுசெய்யாவிட்டால், அந்த வீதத்தில் கையிருப்பு ஒரே வாரத்துக்குத்தான் காணும். லிட்டருக்கு 410 மில்லிகிராம் அளவில் இருக்கும் கால்சியமோ நாளுக்கு ஏழு மில்லிகிராமே குறைவதால் ஏறக்குறைய இரண்டு மாதம் தாங்கும். கால்சியம் சரியாக இருக்கிறதென்று நிம்மதியாக உறங்குபவர் காரத்தன்மையைக் கோட்டைவிடுவது இதனால்தான். சென்ற தீபாவளிக்குத் தைத்த சட்டை இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைக்குப் பற்றாமற் போவதைப் போல, சென்ற ஆண்டு அளந்து வைத்த மருந்து இவ்வாண்டுப் பவளத்துக்குப் பற்றாது.

இக்குறையை ஈடுசெய்ய, 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் முதலிய ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் கைக்கொண்ட வழி, நம் வீடுகளில் எவரும் அறிந்த தெளிந்த சுண்ணாம்பு நீரே ஆகும். ஆவியாகிப் போகும் நீருக்குப் பதிலாக அதனை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கடுங்காரமான அதனை ஒருசேர ஊற்றினால் கேடு விளையும். ஆவியானதற்கு மேல் விட்டால் உப்பு நீர்த்துப்போகும். எனவே தொட்டியின் தேவை ஆவியாகும் நீரின் அளவை மிஞ்சிய நாளில், இந்த எளிய பரிகாரமும் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் கால்சியத்தையும் காரத்தையும் தனித்தனிக் கரைசல்களாக அளந்து விடுவதைத் தவிர, அல்லது அதற்கென அமைந்த உபகரணத்தை நாடுவதைத் தவிர, வேறு மார்க்கம் இல்லை.

பாஸ்பேட்டின் போக்கு இன்னும் சூட்சுமமானது. இரையோடு வரும் பாஸ்பேட்டைச் சுண்ணாம்புக்கல் தன் மேற்பரப்பில் ஈர்த்து வைத்துக்கொள்வதால், சோதனைக் குழாய் நெடுங்காலம் நல்ல செய்தியே சொல்லிவரும். கல் நிறைந்து வழியத் தொடங்கிய பின்னரே, காரணம் விளங்காதபடி பாசி படர்வதும் பவளத்தின் வளர்ச்சி தேங்குவதும் கண்ணுக்குப் புலனாகும். வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் எல்லா அழுக்கும் நீங்கும் என்பதும் கணக்குக்கு நிற்காத வாதம். வாரந்தோறும் நைட்ரேட் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கூடும் தொட்டியில் அவ்வாறு மாற்றிக்கொண்டே வந்தால், அது 20 மில்லிகிராமை ஒட்டி நிலைகொள்ளுமேயன்றி ஒருநாளும் இல்லாமற் போகாது. நீரை மாற்றுவது அவசியம். ஆயினும் வரவைக் குறைக்காமல் அதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

அலட்சியத்தினும் பெரிய அபாயம் அவசரம் என்பது என் துணிபு. எண் ஒன்று பிசகியதைக் கண்டு கலங்கியவர், கடையில் கிடைக்கும் புட்டிகளை வாங்கி வந்து, மாதக்கணக்கில் நேர்ந்த மாற்றத்தை ஒரே மாலையில் திருத்த முற்படுகிறார். பவளத்தின் தசைக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிறிது தேவை. அவற்றை அடியோடு துடைத்தெடுத்த நீரில் பவளம் வெளிறுவதும், பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று வேறொரு நுண்ணுயிர்ப் படலம் பரவுவதும் உண்டு. காரத்தன்மையை நாளொன்றுக்கு ஒரு டிகிரிக்கு மேல் உயர்த்தலாகாது என்பது அனுபவஸ்தர்களின் நியதி. அது ஏழரையில் நிலைத்தாலும் ஒன்பதில் நிலைத்தாலும் பவளம் பொறுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் பொறாது. ஆகையால், ஒரே கிழமையில் ஒரே வேளையில் சோதித்துத் தேதியிட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம், விலையுயர்ந்த இயந்திரங்கள் பலவற்றிலும் மேலானது. ஏனெனில் ஓர் எண் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அந்தப் புத்தகம் ஒன்றே காட்டும்.

நம் நாட்டில் கல்பவளங்கள் யாவும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. தூத்துக்குடிப் பக்கம் பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்குப் பயன்படுத்திய வழக்கம் மன்னார் வளைகுடாவுக்கு இழைத்த சேதத்தை அறிந்தவர்கள் அச்சட்டத்தைக் குறைகூற மாட்டார்கள். கடல்நீர்த் தொட்டியில் ஆசை கொண்ட தமிழ்நாட்டார், மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டிய கோமாளி மீன் போன்றவற்றோடு திருப்தியடையலாம். உப்பு, நைட்ரேட், ஆவியாதல் பற்றிய கடமைகள் அத்தகைய தொட்டிக்கும் பொருந்தும். பவளத்துக்குச் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளிலோ, விற்பவர்க்கு ஒரு தர்மம் உண்டு. தொட்டியின் விலையோடு நில்லாமல், இரண்டாம் ஆண்டில் உப்புக்கும் கரைசல்களுக்கும் சோதனை மருந்துகளுக்கும் மின்சாரத்துக்கும் ஆகக்கூடிய செலவையும், வாரந்தோறும் ஒதுக்க வேண்டிய நேரத்தையும் அவர்கள் வாங்குவோருக்கு முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் படித்துச் சிலர் வாங்காமல் திரும்புவார்கள். அதனால் வணிகருக்குச் சிறு நஷ்டம் நேரிடினும், அந்தத் தொட்டிகளில் மாளவிருந்த பவளங்களைக் கணக்கில் கொண்டால், அந்த நஷ்டம் நியாயமானதே.